வத்தலக்குண்டில் மூன்று நாள்

அலாவுதீனை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது எல்லோர் வாயிலும் ஒரே பேச்சுதான். "கடல் காத்து அடிச்சுப்புடுச்சு, பாவம். மலைக்காரனுக்குக் கடல்ல என்ன சோலி?" டீக்கடை ராமர் சொன்னான். பள்ளிவாசல் மோதினார் சொன்னார். ஏரிக்கரையில் குதிரை ஓட்டுகிறவன்கூடச் சொன்னான். அவன் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து, ஆறு வருஷமாக, இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிருந்தது. "வாய மூடுங்கப்பா! தெரியாம எதையாச்சும் பேசாதீங்க" என்று கபர்ஸ்தான் வாசலிலேயே கத்திவிட்டேன். மச்சான் செத்த துக்கத்தில் கத்துகிறான் என்று ஒதுங்கிப் போய்விட்டார்கள்.

துக்கம்தான். ஆனால் நான் கத்தியது அதற்காக இல்லை. கடல் அவனை ஒன்றும் செய்யவில்லை. அந்த ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் பேர் ஜலீல். லாரி டிரைவர். கொடைக்கானல் மலையில் பூண்டி என்கிற ஊரில் பூண்டும் கேரட்டும் ஏற்றி வத்தலக்குண்டு, மதுரை என்று இறக்குவது என் தொழில். கோபக்காரன் என்று ஊருக்குள் பேர். அந்தப் பேர் பொய்யில்லை. அலாவுதீன் என் தங்கை ஜாஹிதாவைக் கட்டியவன். அவனுக்குக் கோபமே வராது. நான் ஒரு அதட்டுப் போட்டால் சரி மச்சான் என்று விடுவான். மாப்பிள்ளை பார்க்கும்போது எனக்கு அவனிடம் பிடித்ததே அந்தக் குணம்தான். இப்போது அதை நினைக்கவே பிடிக்கவில்லை.

கொடைக்கானல் ஏரியில் படகுத்துறை ஆளாக இருந்தான். படகுக்குப் பெயிண்ட் அடிப்பான், ஓட்டை அடைப்பான். சீசனில் வருகிறவர்கள் ஏரியில் எதையாவது தவறவிடுவார்கள். மூக்குக்கண்ணாடி, வாட்ச், ஒரு தடவை ஒரு ஜட்ஜம்மாவின் பல்செட். இவன் மூழ்கி எடுத்துக் கொடுப்பான். விழுந்த மனுஷர்களையும் இவன்தான் எடுக்க வேண்டும். அந்தத் தண்ணீர் ஐஸ். கீழே பாசியும் சேறும். கண்ணைத் திறந்தாலும் கை தெரியாது. அதனால் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையால் தடவித் தடவியே தேடுவான். "தண்ணிக்குள்ள கண்ணு எதுக்கு மச்சான், அது ஒரு எடைஞ்சல்" என்பான்.

பிணம் எடுத்த அன்றைக்கு அவன் பேசமாட்டான். ஜாஹிதா வெந்நீர் வைத்து ஊற்றுவாள். பிணம் தொடுகிற கை என்று ராமர் தன் கடையில் அவனுக்கென்று ஒரு தம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தான். அதைப் பார்த்த அன்றைக்கு நான் அந்தத் தம்ளரைத் தூக்கி ரோட்டில் எறிந்து ராமரோடு சண்டை போட்டேன். அலாவுதீன் ரோட்டில் கிடந்ததை எடுத்துக் கழுவி, திரும்பக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தான். அன்று ராத்திரி ஜாஹிதாவிடம், "இந்த ஏரிய விட்டுப் போயிரணும்டி. செத்தவங்கள எடுக்காத தண்ணி எங்கயாச்சும் இருக்கும்ல?" என்று கேட்டானாம். அவனுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஹோல்டன் துரை வந்தார். அமெரிக்காக்காரர், மேலே ஒரு பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். லீவுக்கு ஊருக்குப் போனவர் திரும்பும்போது இரண்டு இரும்புக் குப்பி, ரப்பர் குழாய், தவளைக்கால் மாதிரி செருப்பு எல்லாம் கொண்டுவந்தார். குப்பிக்குள் காற்றை அடைத்து முதுகில் கட்டிக்கொண்டால் தண்ணீருக்குள் மூச்சு விடலாம். தனியாக இறங்கக் கூடாது, துணை வேண்டும். ஊரில் தண்ணீருக்குப் பயப்படாதவன் யார் என்று விசாரித்து அலாவுதீனைப் பிடித்தார்.

முதல் நாள் ஏரிக்கரையில் கூட்டம். இருபது நிமிஷம் ஆள் வரவில்லை. ஜாஹிதா கரையில் நின்று அழ ஆரம்பித்துவிட்டாள். நான் துரையை அடிக்கக் கையை ஓங்கியாயிற்று. அப்போது பாசியை வாரிக்கொண்டு எழுந்து வந்தான். வாயிலிருந்து ரப்பரை எடுத்ததும் அவன் சொன்னது இதுதான்: "உள்ளுக்குள்ள என் மூச்சுச் சத்தம் எனக்கே கேக்குது மச்சான். இம்புட்டு வருஷமா கேட்டதே இல்ல."

அறுபதாம் வருஷம், பள்ளிக்கூட லீவில், துரை அவனைத் தூத்துக்குடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதுவரை அவன் கடலைப் பார்த்ததில்லை. நானே மதுரைக்குத் தெற்கே அதிகம் போனதில்லை. திரும்பி வந்து ஒரு வாரம் அந்தக் கதைதான். ஏரியில் மூழ்குவதற்குக் கட்டுகிற அளவு ஈயத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்தானாம். உள்ளே போகவே இல்லையாம், உப்புத் தண்ணீர் தூக்கித் தூக்கி மேலே போட்டதாம். தோணிக்காரர்கள் சிரித்துச் சிரித்து விழுந்தார்களாம். கடைசியில் கரையில் ஒரு பலசரக்குக் கடையில் எடைக்கல் இரண்டை வாங்கிச் சாக்குத் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டானாம்.

"அப்புறம் போனியா?" என்றேன்.

"போனேன். ஆனா ஒண்ணும் தெரியல மச்சான். வெதுவெதுன்னு இருக்கு, அம்புட்டுத்தான். கைய விட்டுத் தடவுறேன், மணலு. துரை வந்து மூஞ்சியில டொக்கு டொக்குனு தட்டுறாரு. என்னடான்னா, நான் கண்ண மூடிக்கிட்டு இருக்கேன்!"

"அட கூறுகெட்டவனே!"

"பழக்கம் மச்சான். தெறந்தேன். அல்லாவே! தெறந்ததும் எனக்கு அழுகை வந்துருச்சு. கண்ணாடிக்குள்ள அழுதா தொடைக்கக்கூட முடியாது."

என்ன பார்த்தாய் என்று ஜாஹிதா கேட்டாள். மஞ்சள் மீன், பச்சை மீன் என்று கையால் காட்டினான். பவளப்பாறையைச் சொன்னான். கடைசியில், "நாப்பது அடிக்குக் கீழ கெடக்குற சிப்பி மேலருந்து தெரியுது. அங்க எதையும் தடவித் தேட வேண்டாம் ஜாஹிதா. வெந்நி வச்ச மாதிரி தண்ணி" என்றான். அவள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அந்தப் பயணத்தில் ஒன்று நடந்தது. திரும்பும்போது துரை அவனை நேராக மலைக்குக் கூட்டிவரவில்லை. மதுரையில் இரண்டு நாள் தங்க வைத்தார். ஏதோ சோலி இருக்கிறது, இரு என்றாராம். ஆனால் துரை ஒரு சோலியும் பார்க்கவில்லையாம், ரூமில் உட்கார்ந்து புத்தகம் படித்தாராம். "வெள்ளைக்காரனுக்கு மதுரை வெயிலு அம்புட்டு இனிக்குதா?" என்று நான் கேலி பண்ணினேன். எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த வருஷம் துரை ஊரோடு போய்விட்டார். போகுமுன் தூத்துக்குடியில் ஒரு அதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கடலுக்குள் முத்துச்சிப்பி விளைகிற பார் என்னும் பாறைத் திட்டுகளைக் குப்பி கட்டி இறங்கிப் பார்த்துச் சொல்ல ஆள் தேவைப்பட்டது. அறுபத்திரண்டு மே மாதம் அலாவுதீனுக்குக் கடிதம் வந்தது: ஒரு வாரம் வந்து வேலை செய்து காட்டு, சரிப்பட்டால் நிரந்தரம். மே மாதம் ஏரியில் சீசன். லீவு கிடையாது, போனால் திரும்ப வராதே என்று படகுத்துறையில் சொன்னார்கள். "சரிங்க" என்று சொல்லி, பெயிண்ட் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டான். ஆக, அந்தக் கடல் வேலை கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் கையில் ஒன்றும் இல்லை.

ஒரு வாரம் பத்துப் பாகம் ஆழத்தில் இறங்கினான். அறுபது அடி. ஒரு நாளைக்கு மூன்று தடவை, நான்கு தடவை. மற்றவர்கள் ஏறின பிறகும் இவன் கீழேயே கிடப்பானாம். ஏரியில் மூச்சைப் பிடித்துத் திண்டாடினவன், இங்கே குப்பி தீரும்வரை எழுந்து வர மனசில்லாமல் கிடந்திருக்கிறான்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின நாள். நான் தூத்துக்குடிக்கு ஒரு லோடு பூண்டு கொண்டுபோயிருந்தேன். மூட்டையை இறக்கிவிட்டு வெள்ளனே கடற்கரைக்குப் போனேன். கடைசி முறை இறங்கிவிட்டு அலாவுதீன் தோணியிலிருந்து அப்போதுதான் கரை ஏறினான். கறுத்துப் போயிருந்தான். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தான். மணலில் ஓடி வந்தான். அதை நான் ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன்.

"மச்சான், வேலை கெடச்சிருச்சு! ஒண்ணாந்தேதி வந்து சேரச் சொல்லிட்டாக. ஜாஹிதாவையும் கூட்டியாந்திருவேன். வீடுகூடப் பாத்துட்டேன், ரெண்டு ரூம்பு."

கட்டிப் பிடித்துக்கொண்டேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தோளை இறுக்கினதும் முகத்தைச் சுளித்தான்.

"என்னடா?"

"தோள்பட்டை குடையுது மச்சான். ஒடம்பெல்லாம் அரிக்குது. அலுப்பு. ரெண்டு நா இங்கனயே படுத்துக் கெடந்துட்டு வாறேனே? பெருநாத் தொழுகைய இங்கயே பள்ளிவாசல்ல தொழுதுக்கிறேன்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "பெருநா அதுவுமா வீட்டுல ஆம்பள இல்லாம அவ ஒத்தையில கெடப்பாளா? இந்த வெயிலும் உப்புக் காத்தும்தான் உன்னைக் குடையுது. மேல வந்து நம்ம காத்து ஒரு வீச்சு மேல பட்டா பறந்து போயிரும். ஏறு வண்டில."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதற்கும் இந்த ஒரு வைத்தியம்தான். கீழே போய்க் காய்ச்சல் வந்ததா, மேலே வா. வேனல் கட்டியா, மேலே வா. நெஞ்சுவலிக்காரனைக்கூட மலை ஏற்றினால் பிழைப்பான் என்று நம்புகிறவர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

"சரி மச்சான்" என்று ஏறிவிட்டான்.

வத்தலக்குண்டு வரும்போது மணி இரண்டு இருக்கும். நன்றாகத்தான் இருந்தான். என்னோடு இறங்கிப் பரோட்டா சாப்பிட்டான். ஜாஹிதாவுக்கு வளையல் வாங்கினான். காலி லாரி என்பதால் வெரசாக ஏறினேன். மலைப்பாதையில் டம்டம் பாறை தாண்டும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டான். கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி இருக்கிறது என்றான். பரோட்டா வாயு என்றேன். ஊத்து என்கிற இடம் வந்ததும், "கால்ல எறும்பு ஊருது மச்சான்" என்றான். குனிந்து பார்த்தேன், எறும்பு இல்லை.

பெருமாள்மலைக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னான். ஒன்றுக்குப் போக வேண்டும் என்று இறங்கினான். கதவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். வரவில்லை. முகமெல்லாம் வேர்வை; அந்தக் குளிரில்.

"மச்சான், வண்டியத் திருப்பு. என்னைக் கீழ கொண்டு போயிரு."

"எதுக்கு?"

"தெரியல. ஏற ஏறத்தான் வருது. வத்தலக்குண்டுல ஒண்ணுமில்லாமத்தானே இருந்தேன்? கீழ எறக்கு மச்சான், ஒன்னைக் கெஞ்சிக் கேக்குறேன்."

அவன் என்னிடம் எதையும் கெஞ்சினதில்லை. எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். "ஏலே, பைத்தியமா உனக்கு? இன்னும் எட்டு மைலு, வீடு வந்துரும். இந்த நெலமையில அந்த வெயில்ல போயிச் சாகவா? பொத்திக்கிட்டு உக்காரு!" என்று தூக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன்.

செண்பகனூரில் இரண்டு கையாலும் தொடையைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டு வாசலில் வண்டி நின்றபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. ஜாஹிதா மருதாணிக் கையோடு ஓடி வந்தாள். கதவைத் திறந்தேன். கால் இரண்டும் அவன் பேச்சைக் கேட்கவில்லை. மூட்டை இறக்குகிற மாதிரி என் முதுகில்தான் இறக்கினேன்.

பெருநாள் விடிந்தது. டாக்டர் வந்து முழங்காலைத் தட்டினார், பாதத்தில் ஊசியால் குத்தினார், நரம்பில் ஏதோ காய்ச்சல் என்றார். அசைக்காதீர்கள், ரோட்டில் குலுக்கிக் கொண்டுபோகாதீர்கள், இந்தக் குளிர்ந்த காற்றே நல்லது என்றார். மனுஷன் நல்லவர்தான், இது என்ன நோய் என்று தெரியவில்லை. தைலம் தேய்த்தோம். ஓதி ஊதினோம், தாயத்துக் கட்டினோம். வேலையில் சேரவேண்டிய ஒண்ணாந்தேதி வந்தது. அன்றைக்கு முழுக்கச் சுவரைப் பார்த்தே படுத்திருந்தான். ஒரு மாதம் பொறுத்து, அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டதாக அதிகாரி வருத்தத்தோடு எழுதியிருந்தார்.

ஹோல்டன் துரைக்கு எழுதிக் கேட்கலாம் என்று ஜாஹிதாதான் சொன்னாள். பக்கத்து வீட்டு லீலா டீச்சர் இங்கிலீஷில் எழுதிப் போட்டார். இரண்டரை மாதம் கழித்துப் பதில் வந்தது. டீச்சர் அதைப் படித்துவிட்டு ஜாஹிதாவைக் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"ஜலீல், உக்காருங்க" என்றார். "ஆழத்துல இருந்து மூச்சு விட்டா அந்தக் காத்து ரத்தத்துல கரைஞ்சு நிக்குமாம். மேல வந்தப்புறம் கொஞ்சங் கொஞ்சமா வெளிய போகுமாம். அதுக்கு ஒரு நாள், ரெண்டு நாள் ஆகும். அதுக்குள்ள மலை ஏறக் கூடாதாம். மலையில காத்து லேசு. சோடா பாட்டில ஒடைச்சா பொங்குதுல்ல, அந்த மாதிரி ரத்தத்துல பொங்கி நரம்பை அடைச்சிருமாம்."

"அப்ப மதுரையில ரெண்டு நாளு…"

"அதுக்குத்தான் தங்க வச்சாராம். சொன்னா புரியாதுன்னு காரணம் சொல்லாம விட்டேன், நான் எப்பவும் கூட இருப்பேன்னு நெனச்சேன், கடவுள் என்னை மன்னிக்கணும்னு எழுதியிருக்கார்." டீச்சர் கடிதத்தைத் திருப்பினார். "இன்னொண்ணும் எழுதியிருக்கார். வழியில வலி ஆரம்பிச்ச உடனே கீழ எறக்கியிருந்தா பொழைச்சிருக்கலாம்னு."

நான் எழுந்து வெளியே வந்தேன். வாசல் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். துரைமேல் ஆத்திரம் வந்தது. சொன்னால் புரியாதாம்! ஆனால் அலாவுதீன் அதைச் சொல்லாமலே கண்டுபிடித்து, ஏற ஏறத்தான் வருது என்று சொன்னானே. ஒரு வாத்தியாரும் சொல்லிக் கொடுக்காமல் அவன் உடம்பு சொன்னது. கேட்காதவன் நான்.

அன்றைக்கே லாரியில் வைக்கோல் பரப்பி, மெத்தை போட்டு அவனைக் கிடத்தினேன். கீழே ஒரு வைத்தியம் இருக்கிறது என்று ஜாஹிதாவிடம் சொன்னேன். டம்டம் பாறையில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, பின்னால் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்து கடிதத்தில் இருந்ததை எல்லாம் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தான்.

"அப்ப நான் சொன்னது சரிதான்" என்றான். அவ்வளவுதான். செருப்பால் அடித்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, "ஜாஹிதாகிட்டச் சொல்லிறாத மச்சான். அவளுக்கு நீ ஒரு அண்ணன்தான் இருக்க" என்றான். அவன் உயிரோடு இருந்தவரை சொல்லவில்லை. இனிச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. அவளுக்கு எழுத்து தெரியாது. யாராவது இதை அவளுக்குப் படித்துக் காட்டட்டும்.

வத்தலக்குண்டில் வேலுச்சாமி என்று பூண்டு மண்டிக்காரர் எனக்குப் பழக்கம். மண்டிக்குப் பின்னால் ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தார். மூன்று நாள் கிடந்தோம். வலி ஆரம்பித்த நேரத்தில் கீழே இறக்கியிருந்தால் பிழைத்திருக்கலாம் என்றுதான் எழுதியிருக்கிறது, இப்போது இறக்கிப் பயனில்லை என்று என் புத்திக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் என்ன செய்வது? இறக்கியாவது பார்ப்போம் என்றுதான். முதல் நாள் முழுக்க அவன் காலைப் பிடித்துவிட்டேன். இரண்டாம் நாள் வேலுச்சாமி வந்து எட்டிப் பார்த்து, "ஏதாச்சும் தெரியுதா ஜலீலு?" என்று கேட்டார். நான் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தேன். வெக்கையும் பூண்டு நெடியும், ஈ மொய்த்தது. அவன் முதுகில் புண் வைக்க ஆரம்பித்திருந்ததை அங்கேதான் முதல்முதலாகப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் காலையில், "மச்சான், கால்மாட்டுல போயி உக்காரு" என்றான். போய் உட்கார்ந்தேன்.

"எடது பெருவெரலப் பாரு. அசைக்கிறேன். அசையுதா?"

பார்த்தேன். கண் வலிக்கப் பார்த்தேன். நான்கு மாதத்தில் தேய்ந்து மெலிந்து போயிருந்த பாதம். என் கண்ணில் தண்ணீர் நிறைந்ததோ என்னவோ, அந்த விரல் ஒரு நூல் அசைந்த மாதிரித்தான் எனக்குத் தெரிந்தது.

"அசையுதுடா! அல்லா மேல ஆணையா அசையுது மாப்ள!"

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"நான் இன்னும் அசைக்கவே இல்ல மச்சான்" என்றான்.

வெளியே மூட்டை இறக்குகிறவர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அவன் கையை நீட்டி, தூக்கிவிடு என்று சைகை காட்டினான்.

"மேல போவோம். அவ காத்துக்கிட்டு இருப்பா. இனிமே ஏறுனா எனக்கு ஒண்ணும் ஆகாது."

அவனை முதுகில் தூக்கிக்கொண்டு போய் லாரியில் கிடத்தினேன்.